நாய்க்கு எதற்குக் கீமோ? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை மூன்று வருடங்களாகப் படித்து வருகிறேன். இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவரின் லாப்ரடார் நாய்க்குப் புற்றுநோயாம். லிம்போமா என்று, அதாவது நிணநீர் முடிச்சுகளில் வரும் வகை என்று எழுதியிருந்தார். எட்டு வயது நாய். கீமோ கொடுக்க வேண்டும், ஐந்தாறு மாதம் ஆகும், கையில் இருந்ததெல்லாம் ஸ்கேனுக்கும் பயாப்சிக்குமே போய்விட்டது, முடிந்தவர்கள் உதவுங்கள் என்று கேட்டிருந்தார். பலர் ஐநூறு, ஆயிரம் என்று அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. அதோடு விட்டிருக்கலாம். "அரசு ஆஸ்பத்திரிப் புற்றுநோய் வார்டு வாசலில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியும்" எனக் குழுவிலேயே எழுதிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

என் சித்தி 2019-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். கடைசியில் ஒரு மருந்துக்கு நாற்பதாயிரம் புரட்ட முடியாமல் நானும் சித்தப்பாவும் அலைந்தது இன்னும் மறக்கவில்லை. இந்தச் சண்டைக்கு அப்புறம் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் நாய், பூனைகளின் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பணம் கொடுக்கவென்றே அறக்கட்டளைகள் நடத்துகிறார்களாம். யார் அக்கா இவர்கள்? மனிதர்கள்மேல் வராத இரக்கம் நாய்மேல் எப்படி வருகிறது? நான் எழுதியது தப்பா?

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சித்தியைப் பற்றி எழுதியிருக்கும் அந்த மூன்று வரிதான் மனதில் நின்றது. ஒரு மருந்துக்காகக் காசு தேடி அலைந்தவருக்கு, இன்னொருவர் நாய்க்காகக் காசு கேட்பதைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் குழுவில் அப்படி எழுதியது தப்பு. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இவர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் லாரி கேப்லன் என்று ஒரு பெண்மணி. அவரிடம் சைபீரியன் ஹஸ்கி இன நாய் ஒன்று இருந்தது. பெயர் புல்லட். 2000-ல், அதற்கு ஒன்பது வயதாக இருந்தபோது, லிம்போமா என்று தெரிந்தது. உங்கள் நண்பரின் நாய்க்கு வந்திருக்கும் அதே நோய். இது பெரும்பாலும் எப்படித் தெரிய வரும் என்றால், தடவிக் கொடுக்கும்போது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம், தோலுக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரி உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். தொட்டால் நாய்க்கு வலிக்காது. ஆரம்பத்தில் பல நாய்கள் வழக்கம்போலச் சாப்பிடும், வாசலுக்கு ஓடி வரும், வாலை ஆட்டும். தினமும் கழுத்தைச் சொறிந்துவிடும் கைக்குத்தான் நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறது என்று தெரியும். எதுவும் செய்யாமல் விட்டால் நான்கிலிருந்து ஆறு வாரம். கீமோ கொடுத்தால் பத்தில் எட்டு நாய்க்காவது கட்டிகள் வற்றிப்போகும், ஏறக்குறைய ஒரு வருடம் நன்றாக இருக்கும். சில நாய்கள் இரண்டு வருடத்தைத் தாண்டும். முழுக்கக் குணமாவது அபூர்வம்.

புல்லட்டுக்கு நான்கு வருடத்துக்கு மேல் கிடைத்தது.

அந்த அனுபவத்தை வைத்து, நாய்க்குப் புற்றுநோய் வந்த வீட்டுக்காரர்களுக்காகக் கேப்லன் ஒரு புத்தகம் எழுதினார். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் லிம்போமாவுக்கு முழு கீமோ என்றால் 5,000 டாலருக்குக் குறையாது, 10,000 டாலரையும் தொடும். அதனால் 2000-களின் நடுவில் மேஜிக் புல்லட் ஃபண்ட் என்று ஒரு நிதியைத் தொடங்கினார். மேஜிக் புல்லட் என்பது மருத்துவத்தில் பழைய சொல். உடம்புக்குக் கெடுதல் செய்யாமல் நோயை மட்டும் போய்த் தாக்கும் மருந்தை பால் எர்லிக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி அப்படித்தான் அழைத்தார். அந்தச் சொல்லுக்குள் கேப்லனுடைய நாயின் பெயரும் இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், தம்பி. இந்த நிதி வசதியுள்ளவர்களுக்குக் கிடையாது. வருமானம் பார்ப்பார்கள். சொந்தக் காசில் செய்ய முடியாதவர்தானா, மருத்துவர் என்ன வைத்தியம் சொல்லியிருக்கிறார், செய்தால் பலன் இருக்குமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வார்கள். பணம் நாய்க்காரர் கைக்குப் போகாது, நேராக மருத்துவமனைக்குப் போகும். எடுத்துக்கொண்ட நாயின் படத்தைப் போட்டு, அந்த வீட்டுச் சொந்தபந்தங்களும் முகம் தெரியாதவர்களும் அதற்கென்றே பணம் அனுப்ப வழி செய்வார்கள். ஆக, இவர்களிடம் வருபவர் யார்? மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை போக மிச்சமில்லாதவர். வேலை போனவர். ஓய்வூதியத்தில் தனியாக இருக்கும் கிழவி. வீட்டில் தன்னோடு மூச்சுவிடும் இன்னொரு உயிர் அந்த நாய் ஒன்றுதான் என்று இருப்பவர்.

நீங்கள் இதைப் பணக்காரர்களின் செல்லம் என்று நினைத்துவிட்டீர்கள். இது காசில்லாதவர்களுக்கான அறக்கட்டளை. பணக்காரர் யாரிடமும் கேட்காமல் அட்டையைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்.

குணமாக வழி இருந்தும் காசில்லை என்பதற்காகப் போடப்படும் கடைசி ஊசிக்கு அங்கே கால்நடை மருத்துவர்கள் மத்தியில் ஒரு பெயரே உண்டு. பொருளாதாரக் கருணைக்கொலை என்பார்கள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

2011-ல் எங்கள் வீட்டில் ஜூலி இருந்தாள். நாட்டு நாய்தான். தெருவிலிருந்து என் தங்கை தூக்கிக்கொண்டு வந்தது. பத்து வயதில் அவளுக்குப் பால்மடியில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. நாங்கள் கொசுக்கடி என்று நினைத்தோம். மூன்று மாதத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து, தரையில் உரசி உரசிப் புண்ணாகி நீர் வடிய ஆரம்பித்தது. கர்ப்பப்பை எடுக்காத பெண் நாய்களுக்கு இது சாதாரணமாக வரும் என்றும், முதல் பருவத்துக்கு முன்பே அந்த ஆபரேஷனைச் செய்துவிட்டால் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை என்றும் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நாய் வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் நல்ல மனிதர். அழுத்திப் பார்த்தார், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார். "நுரையீரலுக்குப் பரவலை. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்த்துட்டு, தேவைப்பட்டா கீமோ" என்றார். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னார். அந்த மாதம் அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. என் கழுத்தில் இருந்த சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது.

காசில்லை டாக்டர் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. "வயசாயிடுச்சு இல்ல டாக்டர், எதுக்கு அதைப்போட்டுச் சிரமப்படுத்திக்கிட்டு" என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஜூலி எஃகு மேசைமேல் கால் வழுக்காமல் இருக்க நகத்தை ஊன்றிக்கொண்டு, தாடையை என் முழங்கைமேல் வைத்துக்கொண்டு நின்றாள். புண்ணைச் சுத்தம் செய்யவும் வலி குறையவும் மருந்து எழுதிக் கொடுத்தார். ஏழு வாரம் இருந்தாள்.

இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. அப்பாவுக்குச் செய்ததில் எனக்குத் துளிகூட வருத்தம் கிடையாது. மறுபடி அதே நிலை வந்தாலும் அப்பாவுக்குத்தான் செய்வேன். என்னை அறுத்தது அந்தப் பொய். அன்றைக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "இதற்கென்று ஒரு வழி இருக்கிறது, ஒரு விண்ணப்பம் எழுதித் தாருங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். கேப்லன் போன்றவர்கள் போய் நிற்பது அந்த இடத்தில்தான் தம்பி. நாய்க்கு உதவுகிறார்கள் என்பது உண்மைதான். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் மனுஷிக்கும் சேர்த்துத்தான் உதவுகிறார்கள்.

மனிதர்கள்மேல் வராத இரக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கேள்வி புதிதில்லை. இந்த வேலையைத் தொடங்கிய ஒவ்வொருவர் காதிலும் இது விழுந்திருக்கும். நடந்ததைப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ல், லண்டனின் கிழக்குப் பகுதியில், வைட்சேப்பலில், மரியா டிக்கின் என்ற பெண் ஒரு நிலவறையில் இலவசக் கால்நடை மருந்தகம் திறந்தார். அது ஏழைகளும் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அவர் அங்கே போனது நாய்க்காக இல்லை, அந்த ஏழை மனிதர்களுக்காக. வீடுவீடாகப் போனபோதுதான் காலொடிந்த நாயையும் சொறி பிடித்த பூனையையும் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் கொண்டுபோகக் காசில்லாமல் அவர்கள் தவிப்பதைப் பார்த்தார். கழுதை வண்டிக்காரனுக்குக் கழுதை படுத்துவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. நோயான பிராணிகளைக் கொண்டு வாருங்கள், எல்லா வைத்தியமும் இலவசம் என்று வாசலில் எழுதிப் போட்டார். அதுதான் இன்று பிரிட்டனில் பி.டி.எஸ்.ஏ. என்ற பெரிய அமைப்பாக இருக்கிறது. இன்றும் அது வசதியில்லாதவர்களின் பிராணிகளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறது.

நியூயார்க்கில் நடந்தது இன்னும் ஆச்சரியம். அங்கே ஹென்றி பெர்க் என்பவர் 1866-ல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கினார். 1874-ல் எட்டா வீலர் என்ற தேவாலயப் பணியாளர், மேரி எல்லன் என்ற சிறுமியை வளர்ப்பவர்கள் அடித்து வதைப்பதைப் பார்த்துவிட்டு உதவி தேடி அலைந்தார். யாரும் முன்வரவில்லை. கடைசியில் பெர்க்கிடம் போனார். அவரும் அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரியும் நீதிமன்றத்துக்குப் போய்ப் பிள்ளையை மீட்டார்கள். அதன் தொடர்ச்சியாக ஒரு சங்கம் உருவானது. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்க உலகில் முதன்முதலாக அமைந்த சங்கம் அதுதான். குதிரைக்காகக் குரல் கொடுத்தவரிடம்தான் அந்தப் பிள்ளைக்காகவும் போய்க் கேட்க முடிந்தது.

இரக்கம் என்பது பானையில் இருக்கும் தண்ணீர் மாதிரி, நாய்க்கு ஒரு டம்ளர் ஊற்றினால் மனிதனுக்கு ஒரு டம்ளர் குறைந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நான் பார்த்த வரையில் அப்படி இல்லை. அன்றைக்கு உங்கள் குழுவில் ஐநூறு ரூபாய் அனுப்பியவர்களிடம், உங்கள் சித்திக்கு மருந்து வேண்டும் என்று 2019-ல் கேட்டிருந்தால் யார் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான் கொடுத்திருப்பார்கள்.

நாய்க்குச் செய்யும் வைத்தியத்தால் மனிதர்களுக்கும் பலன் உண்டு என்று சிலர் வாதாடுவார்கள். அதுவும் உண்மைதான். எலும்புப் புற்றுநோய் வந்த நாய்களின் காலை வெட்டாமல் காப்பாற்றும் அறுவை சிகிச்சையை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வித்ரோ குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். அங்கே கற்றது பிள்ளைகளின் கால்களைக் காப்பாற்றவும் உதவியது. ஆனாலும் இதை நான் முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். என் ஜூலிக்கு வைத்தியம் செய்ய அவளே போதுமான காரணம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சிகாகோவில் சாரா லாக் என்று ஒரு தொலைக்காட்சித் தயாரிப்பாளர். 2015-ல் மாநகராட்சிக் காப்பகத்திலிருந்து ரூ என்ற நாயைத் தத்தெடுத்தார். அது நொண்டிக்கொண்டிருந்தது. பார்த்தால் எலும்புப் புற்றுநோய். சில மாதங்கள்தான் இருந்தது. அந்தச் சில மாதத்தில் ஒரு நாய் என்னென்ன பார்க்கலாமோ அதையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்று அதைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். கடைசியாக மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு வாப்பர் பர்கர் வாங்கிக் கொடுத்தார். அதன் பெயரில் அவர் தொடங்கியதுதான் லிவ் லைக் ரூ அறக்கட்டளை. வைத்தியத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். அதோடு, புற்றுநோய் என்று தெரிந்த நாயின் வீட்டுக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார்கள். அதில் போர்வை இருக்கும், பொம்மை இருக்கும், தின்பண்டம் இருக்கும். பிழைக்க வழியில்லாத நாய்க்கும் அந்தப் பெட்டி போகும்.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். வைத்தியம் பார்க்கக் கூடாத நேரமும் உண்டு என்பது இவர்களுக்குத் தெரியும். நாய்க்குக் கீமோ என்றதும் நாம் மனிதர்களுக்குக் கொடுப்பதை நினைத்துக்கொள்கிறோம். முடி கொட்டி, வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமாகி... உங்கள் சித்தியை அப்படிப் பார்த்திருப்பீர்கள். நாய்களுக்கு அந்த அளவில் கொடுப்பதில்லை. மனிதருக்கு எப்படியாவது நோயை ஒழித்துவிட வேண்டும் என்று தாங்கக்கூடிய உச்சத்துக்குப் போவார்கள். நாயிடம், "ஆறு மாதம் பொறுத்துக்கொள், அப்புறம் சரியாகிவிடும்" என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அதற்கு இன்றைய நாள்தான் தெரியும். அதனால் இருக்கிற நாளை நன்றாக இருக்கச் செய்வதுதான் அங்கே நோக்கம். பெரும்பாலான இன நாய்களுக்கு முடி கொட்டாது. ஊசி போட்ட இரண்டு மூன்று நாளுக்குக் கொஞ்சம் சோர்வு, கொஞ்சம் வயிற்றுப்போக்கு என்று போகும். அதைத் தாண்டித் துன்பப்பட்டால் நல்ல மருத்துவர் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

டெக்சாஸ்காரர் லூக் ராபின்சனையும் சொல்லலாம். மால்கம் என்ற தன் நாயை 2006-ல் எலும்புப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2008-ல் ஆஸ்டினிலிருந்து இரண்டு நாய்களோடு நடக்க ஆரம்பித்து, 2,000 மைலுக்கு மேல் நடந்து, 2010-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். போன இடமெல்லாம் நாய்களின் புற்றுநோயைப் பற்றிப் பேசினார். கூட நடந்த இரண்டில் மர்ஃபி என்ற நாய்க்கும் பிற்பாடு மூக்கில் புற்றுநோய் வந்தது. பப்பி அப் என்ற அவருடைய அறக்கட்டளை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறது.

புல்லட், ரூ, மால்கம். ஒவ்வொரு அறக்கட்டளைக்குப் பின்னாலும் ஒரே ஒரு நாய்தான் இருக்கிறது. பொதுவாக நாய்களுக்கு நல்லது செய்வோம் என்று கிளம்பியவர்கள் இல்லை இவர்கள். தன் வீட்டில் ஒன்று போனது. அதே வலி அடுத்த வீட்டில் காசில்லாததால் வரக் கூடாது என்று நினைத்தவர்கள். உங்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் அமெரிக்காவில், நம் ஊருக்கு எங்கே ஒத்துவரும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

தெரு முனையில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். கடை என்றால் தள்ளுவண்டி, மேலே ஒரு தார்ப்பாய். அங்கேயே கிடக்கும் ஒரு செவலை நாய்க்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் பின்புறத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம் வர ஆரம்பித்தது. சாப்பிட வருபவர்கள் முகம் சுளித்தார்கள். கல்லெடுத்து அடித்தவரும் உண்டு. அக்கா விடவில்லை. ஆட்டோவில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். நாய்கள் இணையும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் புற்றுநோய் அது. விசித்திரமான நோய். புற்றுநோய் செல்லே உயிரோடு ஒரு நாயிலிருந்து அடுத்த நாய்க்குப் போய் ஒட்டிக்கொள்ளும். பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு நாய்க்கு வந்ததுதான் இன்றுவரை உலகம் முழுக்கத் தொடர்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர்த் தெருநாய்களில் இது நிறைய.

ஆனால் இது குணமாகும். வாரம் ஒரு ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரம். வின்கிறிஸ்டின் என்று பெயர். உங்கள் நண்பரின் நாய்க்குக் கொடுக்கும் கீமோவிலும் இது இருக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் இதைத்தான் கொடுக்கிறார்கள். எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நித்தியகல்யாணி. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் தண்ணீர்கூட ஊற்றாமல் ஊதாவாகவும் வெள்ளையாகவும் பூத்துக் கிடக்குமே, அந்தச் செடிதான். தெற்கே கரிசல் காட்டில் இதை வயலில் பயிராகவே போடுகிறார்கள். துளி மருந்து எடுக்கவே ஏகப்பட்ட காய்ந்த இலை வேண்டும் என்பார்கள்.

அக்கா என்ன செய்தார் என்றால், சில்லறை போடும் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்தார். மூடியில் ஓட்டை போட்டு, "செவலைக்கு ஊசி" என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினார். பக்கத்து மெக்கானிக் கடைப் பையன்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லோரும் மிச்சச் சில்லறையை அதில் போட்டார்கள். ஆட்டோ வாடகை, வெளியே வாங்கச் சொன்ன மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதிலிருந்துதான். மூன்றாவது வாரம் நானும் கூடப் போனேன். ஊசி போடும்போது நாய் அசையக் கூடாது. மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடத்துச் சதை வெந்து புண்ணாகிவிடும். அக்கா செவலையின் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு, காதுக்குள் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். மாவு காய்ந்து ஒட்டியிருந்த கையால் அதன் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டார். அஞ்சாவது ஊசிக்கு அப்புறம் ரத்தம் நின்றது. செவலை இன்னும் வண்டிக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. கர்ப்பப்பை ஆபரேஷனும் அந்த பாட்டில் காசிலேயே செய்தாகிவிட்டது.

அந்த அக்காவின் மாமியார் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார். மனிதரையும் பார்க்கிறார், நாயையும் பார்க்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பணம் கொடுக்காதது தப்பே இல்லை. உங்கள் காசு, உங்கள் சித்தியின் நினைவு. அதைப் புற்றுநோய் வார்டு வாசலில் நிற்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அங்கேயே கொடுங்கள், சந்தோஷம். கொடுக்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பயாப்சி அறிக்கையையும் மருத்துவர் எழுதிக் கொடுத்த வைத்தியத் திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள், பணத்தை நேராக மருத்துவமனைக் கணக்குக்கு அனுப்புங்கள். கேட்பவர் நேர்மையானவராக இருந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். நாய்ப் படத்தைப் போட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால் அந்த மனிதர், ஸ்கேனுக்கும் பயாப்சிக்கும் கையிலிருந்ததைச் செலவழித்துவிட்டு, கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் காசில்லை என்று எழுதினார். நான் மேசைமுன் நின்று சொல்ல முடியாமல் போனதை அவர் அத்தனை பேர் பார்க்க எழுதிவிட்டார். அதற்கு என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், நாற்பதாயிரத்துக்கு அலைந்தவர் நீங்கள். அப்போது யாராவது உங்களிடம், "ஆப்பிரிக்காவில் பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அவரிடம் போய்ப் பேசுங்கள் தம்பி. குழுவில் வேண்டாம், நேரில் போங்கள். அவருக்கு உங்கள் சித்தியைப் பற்றித் தெரிந்திருக்காது. அதைச் சொல்லுங்கள். பெரிதாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டும் என்று இல்லை, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும். லிம்போமாவில் மருந்து வேலை செய்தால் முதல் சில வாரத்திலேயே கட்டிகள் வற்றிவிடும். இந்நேரம் அவருடைய கைக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா